ஹூலிகன்: ஓர் ஐரிஷ் குடும்பப்பெயர் வசைச்சொல்லான வரலாறு

1923ஆம் ஆண்டில் இரண்டு நூற்பகுதிகள் அச்சேறின. ஒன்று டப்ளினில் வெளிவந்தது. பாட்ரிக் வுல்ஃப் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த ஐரிஷ் குடும்பப்பெயர் அகராதி அது. மற்றொன்று கல்கத்தாவில் நடைமுறைக்கு வந்த வங்காளக் குண்டர் சட்டம். வுல்ஃபின் அகராதியில் ஒரு பெயருக்கு எதிரே, 'பெருமிதம் உடையவன்' என்று பொருள்படும் மூதாதை ஒருவரின் வழித்தோன்றல் என்ற விளக்கம் உள்ளது. வங்காளச் சட்டத்தின் வரையறைப் பிரிவோ, 'குண்டர்' என்னும் சொல் ஹூலிகனையும் பிற முரடரையும் உள்ளடக்கும் என்கிறது. பெயராய்வாளர் பெரும்பாலோரின் கருத்துப்படி இவ்விரண்டும் ஒரே பெயர். ஒரு குடியின் பெருமிதத்தைச் சொன்ன பெயர், ஊரைவிட்டு ஒருவரை வெளியேற்ற உதவும் சட்டச் சொல்லாக எவ்வாறு மாறியது என்பதே இப்பதிவின் பொருள். இதில் ஒலியியலுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் பெயரின் அமைப்பைப் பார்ப்போம். ஐரிஷ் மொழியில் இப்பெயர் 'ஓ ஹூஅலஃகான்' என்பது. (இங்கு 'ஃக' என்று நான் எழுதுவது கடையண்ணத்தில் பிறக்கும் ஒலிப்பிலா உரசொலியை. ஐரிஷ் எழுத்தில் அது சி, எச் என்னும் இரு எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. செர்மானியத்தில் பாஃக் என்னும் இசைமேதையின் பெயர் ஈற்றில் ஒலிப்பதும் இதுவே.) 'ஓ' என்பது பேரன், வழித்தோன்றல் என்று பொருள்படும் சொல். 'மாக்' என்பது மகன். ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர்கள் மிக முன்னதாகவே நிலைபெற்ற நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளிலேயே இவ்வழக்கம் அங்கே உறுதிப்பட்டுவிட்டது. இங்கு மூதாதையின் பெயர் 'ஊஅலஃகான்'. 'ஊஅலஃக்' என்னும் பெயரடையோடு 'ஆன்' என்னும் சிறுமை விகுதி சேர்ந்தது. சிறுமை என்றதும் இழிவு என்று கொள்ளற்க. 'சின்னக்கண்ணு', 'குட்டி' என்று நாம் அழைப்பது போன்ற அன்பு விகுதி அது.

'ஊஅலஃக்' என்பதற்குப் பழைய ஐரிஷில் பெருமிதம், செருக்கு, துள்ளல் ஆகிய பொருள்கள் உண்டு. தமிழில் 'செருக்கு' என்னும் சொல் சூழலுக்கேற்பப் புகழாகவும் பழியாகவும் ஆவதைப்போலவே இதுவும் இரு பக்கமும் சாயும். இது ஆண்களுக்கு மட்டும் உரிய பெயருமன்று. 934ஆம் ஆண்டில் இறந்ததாக ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் பதிவுசெய்யும் பெண்பாற்புலவர் ஒருவரின் பெயரும் ஊஅலஃக் என்பதே. அயர்லாந்தின் புலவர் என்ற அடைமொழியோடு அவர் குறிப்பிடப்படுகிறார்.

'ஓ'வுக்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் வந்தால் இடையே ஹகரம் ஒன்று தோன்றும். நம் இலக்கணத்தின் உடம்படுமெய் நினைவுக்கு வரலாம். ஆனால் முழு ஒப்புமை இல்லை. உடம்படுமெய் இரண்டு உயிர்கள் சந்திப்பதால் வருவது. ஐரிஷ் ஹகரம் முன்னே நிற்கும் சொல் எது என்பதைப் பொறுத்தது. 'ஓ' நின்றால் வரும். பெண்களின் குடும்பப்பெயரில் 'ஓ'வுக்குப் பதிலாக வரும் 'நீ' நின்றால் வராது. ஆகவே அண்ணன் ஓ ஹூஅலஃகான் என்றால் தங்கை நீ ஊஅலஃகான். ஹகரம் மூதாதையின் பெயரைச் சேர்ந்ததே அன்று. ஹோகன், ஹெஃபர்னன், ஹிக்கின்ஸ் என ஆங்கிலத்தில் நாம் அறிந்த ஐரிஷ் பெயர்கள் பலவற்றின் முதலெழுத்தும் இப்படி இலக்கணத்தால் முளைத்ததே. பின்னாளில் ஆங்கில ஆட்சியில் இப்பெயர்கள் 'ஓ'வை இழந்தன. ஆனால் 'ஓ' இருந்ததால் மட்டுமே தோன்றிய ஹகரத்தை இழக்கவில்லை. மாடு போன பின்னும் முளையில் கயிறு கிடப்பது போன்றது இது.

இவ்விழப்பு தானாக நிகழவில்லை. 1465ஆம் ஆண்டிலேயே, டப்ளினைச் சுற்றியிருந்த ஆங்கில ஆட்சிப்பகுதியில் வாழும் ஐரிஷ் மக்கள் ஆங்கிலக் குடும்பப்பெயர் பூணவேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. ஓர் ஊரின் பெயர், ஒரு நிறத்தின் பெயர், ஒரு தொழிலின் பெயர் என எதை வேண்டுமானாலும் சூடலாம். ஐரிஷ் பெயர் மட்டும் கூடாது. அச்சட்டம் உடனடியாக முழுப்பயன் தந்துவிடவில்லை. பதினேழாம் நூற்றாண்டுப் போர்களும் நிலப்பறிப்பும், அவற்றைத் தொடர்ந்து கத்தோலிக்கருக்கு எதிராக வந்த தண்டனைச் சட்டங்களும் சாதித்தவை அதைவிட மிகுதி. 'ஓ', 'மாக்' என்பன தோற்றவர்களின் அடையாளங்கள் ஆயின. மக்கள் அவற்றை உதிர்த்தனர். எஞ்சிய பெயரை எழுதியவர் ஆங்கிலம் அறிந்த எழுத்தர். பெயருக்குரியவர் சொல்ல, எழுத்தர் தம் காதுக்கு எட்டியதை எழுதினார். விளைவு, ஒரே குடும்பத்திலேயே பல எழுத்துக்கூட்டல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தைச் சேர்ந்த இராபர்ட் மாத்சன் குடும்பப்பெயர்களின் இவ்வேறுபாடுகளைத் தொகுத்து வெளியிட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கவே இயலாத நிலை.

நம் பெயர் பெற்ற வடிவங்களுள் சில: ஹூலஹன், ஹூலிஹன், ஹாலஹன், ஹூலிகன். கார்க் பகுதியில் 'ஹாலண்ட்' என்றே சிலருக்கு ஆகிவிட்டது. டச்சு நாட்டோடு அவர்களுக்கு எந்த உறவும் இல்லை. எழுத்தருக்குத் தெரிந்த பெயர் அது, அவ்வளவே.

இந்த வடிவங்களின் நடுவில் நிற்கும் மெய்யெழுத்தைக் கவனியுங்கள். ஐரிஷில் அங்கே இருப்பது கடையண்ண உரசொலி. இடைக்கால ஆங்கிலத்தில் அவ்வொலி இருந்தது. 'நைட்', 'தாட்' போன்ற சொற்களில் இன்றும் எழுதப்பட்டு ஒலிக்கப்படாமல் நிற்கும் ஜி, எச் இணை அதன் எலும்புக்கூடு. ஆகவே பழைய எழுத்தர்கள் ஐரிஷ் உரசொலிக்கு ஜி, எச் இணையை இட்டது தக்கதே. ஆனால் அயர்லாந்திற்கு வெளியே அதைப் படித்தவர்களுக்கு அந்த ஒலி மறந்துபோயிருந்தது. எச் என்று படித்தவர் ஒரு பக்கம் போனார், ஜி என்று படித்தவர் மறுபக்கம் போனார். இதற்கு வேறு சான்றுகள் உண்டு. ஓயாசிஸ் இசைக்குழுவின் சகோதரர்களை மான்செஸ்டரில் 'கேலகர்' என்பார்கள். அதே பெயரை அயர்லாந்தில் 'கேலஹர்' என்பார்கள். 1976 முதல் 1979 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த ஜேம்ஸ் கேலஹனின் பெயரில் எழுத்தில் ஜி உண்டு, பேச்சில் இல்லை. அவருடைய பெயரின் ஈறும் நம் பெயரின் ஈறும் ஐரிஷில் ஒன்றே. ஆக, ஹூலிஹன் என்பதும் ஹூலிகன் என்பதும் ஆங்கிலத்தால் ஒலிக்கவியலாத ஒரே மெய்யை எழுத்தில் பிடிக்க நடந்த இரு முயற்சிகள்.

ஓர் இடைக்குறிப்பு. தமிழில் உயிர்களுக்கு இடையில் வரும் தனிக் ககரம் இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்கிறது. 'பகல்', 'மகன்' என்பவற்றை நாம் ஒலிக்கும்போது அது சிலர் வாயில் ஒலிப்புடை வெடிப்பொலியை நெருங்குகிறது, சிலர் வாயில் உரசொலியாக நெகிழ்கிறது, விரைந்த பேச்சில் ஏறத்தாழ ஹகரமே ஆகிவிடுகிறது. 'ஊலிகன்' என்று தமிழில் எழுதினால் ஆங்கிலம் பிரித்துவைத்த இரு பெயர்களும் மீண்டும் ஒன்றாகிவிடும்! மொழியியல் வகுப்பில் மாற்றொலிகளுக்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அசைகளின் அழுத்தமும் இடம்பெயர்ந்தது. தென் அயர்லாந்தின் மன்ஸ்டர் வழக்கில் அழுத்தம் நெடிலாகிய ஈற்றசையில் விழும்: ஹூஅலஃ-'கான்'. ஆங்கிலம் அதை முதலசைக்குக் கொண்டுவந்தது. அழுத்தம் இழந்த ஈற்று நெடில் குறுகியது. சொல் கடைசியில் நிமிர்ந்து நின்றது போய், தொடக்கத்தில் உரத்து முடிவில் தேய்ந்தது.

இனி இப்பெயரின் இருவேறு வாழ்வுகள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் டிப்பரேரிப் பகுதியில் வாழ்ந்த கண்பார்வையற்ற புலவர் ஒருவர் இருந்தார். ஆங்கிலத்தில் அவரை வில்லியம் ஓ ஹெஃபர்னன் என்பார்கள். அயர்லாந்தைத் துயருற்ற பெண்ணாக உருவகித்துப் பாடும் மரபு அக்காலத்தில் செழித்திருந்தது. அவர் பெயரில் வழங்கும் பாடலொன்றில் அப்பெண்ணின் பெயர் 'கேத்லீன் நீ ஊஅலஃகான்'. அன்றைய ஐரிஷ் கவிஞர்களுக்கு நாட்டின் பெயரை வெளிப்படையாகச் சொல்வது ஆபத்து. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைப் போன்ற ஒன்றைச் சொல்வது பாதுகாப்பு. பாரத மாதாவோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் ஒரு வேறுபாடு: பாரத மாதாவுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. கேத்லீனுக்கு உண்டு; அதுவும் உழவர் வீடுகளில் வழங்கிய குடும்பப்பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் கிளாரன்ஸ் மாங்கன் அதை ஆங்கிலத்தில் ஆக்கினார். பின்னர் யேட்ஸ் அப்பெயரை எடுத்துக்கொண்டார். 1902 ஏப்ரல் 2 அன்று டப்ளினின் புனித தெரேசா மண்டபத்தில் 'கேத்லீன் நி ஹூலிஹன்' நாடகம் அரங்கேறியது. 1798 எழுச்சியின்போது கில்லாலாவில் ஓர் உழவர் வீட்டிற்கு வழிதவறி வந்த கிழவி, தன் நான்கு பசும்புலங்களும் பறிபோயின என்று முறையிடுகிறாள். மறுநாள் மணமுடிக்க இருந்த இளைஞன் அவளைப் பின்தொடர்ந்து போருக்குப் போகிறான். கிழவியாக நடித்தவர் மாட் கான். யேட்ஸின் பெயரில் வெளிவந்தாலும் உரையாடலில் பெரும்பகுதி லேடி கிரகரியின் கைவண்ணம் என்பதைப் பிற்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன. தம் நாடகம் 1916இல் மடிந்த இளைஞர் சிலரை அனுப்பிவைத்ததோ என்ற உறுத்தல் யேட்ஸின் கடைசிக்காலக் கவிதை ஒன்றிலும் ஒலிக்கிறது.

தலைப்பின் இலக்கணத்தைப் பாருங்கள். 'நி' என்பது ஐரிஷ். 'ஹூலிஹன்' என்பது ஆங்கில வடிவம். 'நீ'க்குப் பின் ஹகரம் வராது என்று மேலே கண்டோம். நாட்டின் தூய ஆன்மாவாக மேடையேறிய பெண்ணின் பெயரிலேயே ஐரிஷ் முன்னொட்டும் ஆங்கில எழுத்தரின் ஹகரமும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. யேட்ஸுக்கு ஐரிஷ் தெரியாது என்பதை எள்ளலாகச் சொல்ல நான் இதைக் குறிப்பிடவில்லை. அவருடைய பார்வையாளர்களில் பெரும்பாலோருக்கும் அப்பெயர் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது என்பதே செய்தி. 1902ஆம் ஆண்டின் முதற்பதிப்பில் அதன் எழுத்துக்கூட்டலில் இரட்டை ஓ இருந்தது. பிற்பதிப்புகளில் அது ஓ, யு என்று மாறியது. இரட்டை ஓ இட்ட அந்த முதல் வடிவத்திற்கும் அதே ஆண்டுகளில் லண்டன் நாளிதழ்களை நிரப்பிய மற்றொரு சொல்லுக்கும் எழுத்தளவில் ஓர் எழுத்தே வேறுபாடு.

அந்த மற்றொரு சொல்லுக்கு வருவோம். 1898ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் நாளிதழ்களின் காவல் நீதிமன்றச் செய்திகளில் 'ஹூலிகன்' என்னும் சொல் திடீரெனப் பெருகுகிறது. ஆகஸ்டு வங்கி விடுமுறையின்போது நிகழ்ந்த தெருச் சண்டைகளும் கைதுகளும் அதற்குத் தீனி ஆயின. அதே ஆண்டிலேயே 'ஹூலிகனிசம்' என்னும் பண்புப்பெயரும் தோன்றிவிட்டது. ஆங்கிலத்தில் புதுச்சொல் ஒன்று தோன்றிய சில வாரங்களில் ஒரு சமூக நோயின் பெயராக மாறுவது அரிது.

எங்கிருந்து வந்தது? பலரும் சொல்லும் கதை, லண்டனின் தென்பகுதியில் பாட்ரிக் ஹூலிகன் என்றொரு ரவுடி இருந்தான் என்பது. 1899இல் கிளாரன்ஸ் ரூக் எழுதிய 'ஹூலிகன் இரவுகள்' என்னும் நூல் அவனை விவரிக்கிறது: மதுக்கடைகளில் குடித்துக் கலகம் செய்பவர்களை வெளியே தள்ளும் வேலை, அதனூடே திருட்டு, ஒரு காவலரைக் கொன்று சிறைக்குப் போய் அங்கேயே சாவு. சுவையான கதைதான். ஆனால் ரூக் எழுதியது சொல் பரவிய பின்னர். மேலும் அது இதழாளரின் விறுவிறுப்பு நடையில் அமைந்த, பாதி புனைவு போன்ற நூல். 'ஹூலியின் கும்பல்' என்று ஒரு காவலர் சொன்னதை நிருபர் தவறாகக் கேட்டார் என்ற மற்றொரு விளக்கமும் உண்டு. இதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது.

ஆதாரத்தோடு நிற்பது வேறொன்று. 1890களின் மியூசிக் ஹால் மேடைகளில் ஹூலிகன் என்னும் ஐரிஷ் குடும்பத்தின் அட்டகாசங்களைப் பாடும் பாட்டு ஒன்று இருந்தது. நகைச்சுவை இதழொன்றின் தொடரிலும் அப்பெயருடைய ஐரிஷ் கோமாளி இருந்தான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இவ்விரண்டையும் குறிப்பிடுகிறது. என் வாசிப்பில் இதுவே முதன்மையானது. இச்சொல் ஒரு மனிதனிடமிருந்து பிறக்கவில்லை. ஐரிஷ் என்றால் குடி, சண்டை, கூச்சல் என்று ஏற்கெனவே வார்த்துவைத்திருந்த மேடை உருவிலிருந்து பிறந்தது. 'பாய்காட்' என்னும் சொல்லோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அதன் பின்னால் 1880இல் மேயோவில் வாழ்ந்த சார்லஸ் பாய்காட் என்னும் நிலமேலாளர் இருக்கிறார். அவருக்கு நேர்ந்தது இன்னது என்று நாள்வாரியாகச் சொல்லலாம். ஹூலிகனுக்குப் பின்னால் அப்படி ஒருவரும் இல்லை. அதனால்தான் ஒருவனைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை எழுந்தது. பாட்ரிக் என்னும் முற்பெயர் அவனுக்கு வாய்த்ததும் தற்செயல் அன்று. ஆங்கிலேயர் ஐரிஷ் ஆண்கள் அனைவரையும் 'பாடி' என்று அழைத்ததே அந்தப் பெயரின் சுருக்கத்தால்தான்.

ஜெஃப்ரி பியர்சன் 1983இல் வெளியிட்ட 'ஹூலிகன்: மதிப்பிற்குரியோர் அச்சங்களின் வரலாறு' என்னும் நூல் இதில் திருப்புமுனை. ஒவ்வொரு தலைமுறையும் தன் இளைஞர்களைக் கண்டு, 'இருபது ஆண்டுகளுக்கு முன் இப்படி இல்லை' என்று புலம்புகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் சென்று பார்த்தால் அங்கும் அதே புலம்பல் கேட்கிறது என்பது அவருடைய வாதம். 1898இல் கைதானவர்கள் லண்டனின் உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்த பையன்கள். கழுத்தில் துணி, கீழே விரிந்த கால்சட்டை, நெற்றியில் மட்டும் முடி விட்டு ஒட்ட வெட்டிய தலை, அகன்ற தோல்வார் என அவர்களுக்கென்று ஓர் உடைப்பாணி இருந்தது. அவர்களுக்கு ஐரிஷ் பெயரைச் சூட்டியதன் மூலம், இது ஆங்கிலேயரின் இயல்பன்று, வெளியிலிருந்து வந்தது என்று விக்டோரியா காலச் சமூகம் கைகழுவிக்கொண்டதைப் பியர்சன் கூர்மையாகச் சுட்டுகிறார். எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்துக் கால்பந்து மைதானங்களில் இதே சொல் மீண்டும் கோலோச்சியபோது ஐரோப்பிய இதழ்கள் அதை 'ஆங்கில நோய்' என்றன. வரலாறு சில நேரம் நகைச்சுவை உணர்வோடும் நடந்துகொள்கிறது.

சொல் பரவிய வேகம் வியப்பளிப்பது. 1899 டிசம்பரில் இராபர்ட் பியூக்கனன் ஓர் இலக்கிய விமரிசனக் கட்டுரைக்கு 'ஹூலிகனின் குரல்' என்று தலைப்பிட்டார். அவர் சாடியது எந்தத் தெருப்பையனையும் அன்று. பம்பாயில் பிறந்து, பேரரசின் பாணனாகப் புகழ்பெற்றிருந்த ருட்யார்டு கிப்ளிங்கை. 1900இல் நியூயார்க்கில் ஃபிரெடரிக் ஓப்பர் வரைந்த சித்திரத்தொடரில் 'ஹாப்பி ஹூலிகன்' தகரக் குவளையைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு வலம் வந்தான். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடியது அத்தொடர். அவன் பாவம், யாரையும் அடிப்பவன் அல்லன், எப்போதும் அடிவாங்குபவன். 1904இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதையொன்றில் சிலைகள் உடைபடுவதை ஹூலிகனிசம் என்கிறார்கள். அங்கே அச்சொல் இன்னும் பெரிய எழுத்தில்தான் தொடங்குகிறது. அது ஒரு குடும்பத்தின் பெயர் என்ற நினைவு அந்த ஓர் எழுத்தில் மட்டும் எஞ்சியிருந்தது. பிறகு அதுவும் சிறிய எழுத்தாயிற்று.

ஜேம்ஸ் ஜாய்ஸை இங்கே விட்டுவிட முடியாது. 1914இல் வெளிவந்த 'டப்ளினர்கள்' தொகுப்பில் 'ஒரு தாய்' என்றொரு கதை உண்டு. தேசிய உணர்வுக் கச்சேரி ஒன்றை நடத்த அலைந்துகொண்டிருக்கும், கால் சற்றே ஊனமான உதவிச் செயலாளரின் பெயர் ஹாலஹன். கச்சேரியில் பியானோ வாசிக்க வேண்டிய பெண்ணின் பெயர் கேத்லீன். பேசிய ஊதியத்தைக் கொடுக்காததால் தாய்க்கும் செயலாளருக்கும் சண்டை. யேட்ஸின் புனிதப் பெயரை இரண்டாக உடைத்து, காசுக்காகச் சண்டையிடும் இருதரப்புக்குக் கொடுத்துவிட்டார் ஜாய்ஸ். வேறொரு எழுத்துக்கூட்டலைத் தேர்ந்ததால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இச்சொல் ரஷ்யாவிற்குச் சென்றுவிட்டது. பீட்டர்ஸ்பர்க் இதழ்கள் அதை ஆவலோடு பற்றிக்கொண்டன. ஜோன் நூபர்கரின் ஆய்வு இதை விரிவாகப் பேசுகிறது. ஒலியியலாளருக்கு இங்கே ஒரு விருந்து உண்டு. ரஷ்ய மொழியில் ஹகரம் கிடையாது. ஆங்கில ஹகரத்திற்கு அவர்கள் இங்கு இட்டது கடையண்ண உரசொலி. ஆக, ஐரிஷ் பெயரின் நடுவில் இருந்து ஆங்கிலத்தில் தொலைந்த அதே ஒலி, ரஷ்யத்தில் அச்சொல்லின் முதலில் வந்து அமர்ந்துகொண்டது. அதுவும் இலக்கணத்தால் மட்டுமே தோன்றிய அந்த ஹகரத்தின் இடத்தில். 1922ஆம் ஆண்டு சோவியத் ரஷ்யக் குற்றவியல் சட்டத்தொகுப்பு 'ஹூலிகன்தனம்' என்பதைத் தனிக் குற்றமாகவே ஆக்கியது. ஆட்சிகள் மாறின; குற்றப்பிரிவு மாறவில்லை. 2012இல் மாஸ்கோப் பேராலயத்தில் பாடிய புஸ்ஸி ரயட் குழுவினர் சிறை சென்றது இப்பிரிவின் இன்றைய வடிவத்தின் கீழ்தான்.

இனி கல்கத்தா. 1923ஆம் ஆண்டுச் சட்டம், குண்டர் என்று கருதப்படுபவரை நகரிலிருந்தும் சுற்றுப்பகுதியிலிருந்தும் வெளியேற்ற அரசுக்கு அதிகாரம் தந்தது. அத்தகைய அதிகாரத்திற்கு ஒரு வரையறை வேண்டும். இந்தியச் சொல்லாகிய 'குண்டா'வை விளக்க ஆங்கிலத்தில் சட்டம் எழுதியவர்களுக்குக் கிடைத்தது ஹூலிகன். சொல் பிறந்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. 1946ஆம் ஆண்டின் மத்திய மாகாண, பேரார் குண்டர் சட்டமும் அதே வழியில் சென்றது: குண்டர் என்றால் ஹூலிகன், முரடர் அல்லது நாடோடி, பொது அமைதிக்கு ஆபத்தானவரும் அதில் அடங்குவார். நாடோடியையும் அந்த வரிசையில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். வீடில்லாதவர், வேலையில்லாதவர் எல்லாரும் இதற்குள் வந்துவிடலாம்.

இச்சட்டம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1960 அக்டோபரில் வந்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கஜேந்திரகட்கர். ஒருவர் குண்டரா இல்லையா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம் மாவட்ட நீதிபதியைக் கட்டாயப்படுத்தவில்லை. தாம் குண்டர் அல்லர் என்று நிறுவ அந்த மனிதருக்கு வாய்ப்பும் இல்லை. யாரை அச்சொல்லின் கீழ்க் கொண்டுவருவது என்பதற்கு வரையறைப் பிரிவு எந்த அளவுகோலையும் தரவில்லை. இக்குறைகளால் அச்சட்டம் குடிமக்களின் நடமாட்ட, வசிப்பிட உரிமைகளை மீறுவதாகக் கூறி அது செல்லாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது.

சட்ட மாணவர்கள் இத்தீர்ப்பை அடிப்படை உரிமைகள் பாடத்தில் படிக்கிறார்கள். சொல்வரலாறு படிப்பவர்களும் படிக்க வேண்டும் என்பேன். குண்டர் என்றால் யார் என்று கேட்டால் ஹூலிகன் என்று விடை. ஹூலிகன் என்றால் யார் என்று அகராதியைத் திறந்தால் முரடன், ரவுடி என்று விடை. சுற்றிச் சுற்றி வந்தாலும் ஒரு செயல் கூட அகப்படாது. ஒரு வகை ஆள் மட்டுமே அகப்படுவான். அளவுகோல் இல்லை என்று நீதிமன்றம் 1960இல் சொன்ன குறை, 1898இல் லண்டனிலேயே அச்சொல்லோடு பிறந்தது. அன்றும் அது எந்தக் குற்றத்தின் பெயரும் அன்று. எந்தத் தெருவிலிருந்து, எந்த உடையில், எந்த இனத்தின் பெயரோடு வருகிறவனை நாம் அஞ்ச வேண்டும் என்று சொல்லும் சுட்டுவிரல். இந்தியாவில் 'குண்டா' என்ற சொல்லும் கல்கத்தா காவல்துறையின் கையில் இதே வேலையைச் செய்தது. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், நாம் எல்லாரும் 'குண்டர் சட்டம்' என்று அழைப்பது, ஹூலிகன் என்னும் சொல்லைக் கைவிட்டு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் குறிப்பிட்ட இயல்களில் அடங்கும் குற்றங்களை வழக்கமாகச் செய்பவர் என்று இயற்றப்பட்டபோது வரையறுத்தது. விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரைத் தடுத்துவைக்கும் அச்சட்டம் குறித்த விவாதம் தனியே நடக்க வேண்டியது; வரையறை அளவில் அது ஒரு மாற்றம் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

அயர்லாந்தில் இப்பெயர் என்னவாயிற்று? 1893இல் கேலிக் கழகம் தொடங்கப்பட்ட பின் பலர் உதிர்த்த 'ஓ'வை மீண்டும் சேர்த்துக்கொண்டனர். சிலர் முழு ஐரிஷ் வடிவத்திற்கே திரும்பினர். ஹூலிஹன், ஹாலஹன் என்னும் ஆங்கில வடிவங்களும் இன்றும் அங்கே வழங்குகின்றன. அவற்றைத் தாங்கியிருப்பவர்கள் தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எச் எழுத்தை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ஐரிஷ் மரபுப்பாடகர் பாட்ரிகீன் நீ ஊஅலஃகான் அல்ஸ்டரின் ஓரியல் பகுதிப் பாடல்களைத் திரட்டி 2003இல் 'மறைந்திருக்கும் அல்ஸ்டர்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அந்நூலின் அட்டையில் அவர் பெயர் இலக்கணப்படி இருக்கிறது: 'நீ'க்குப் பின் நேரே ஊகாரம். தமிழில் அவரைப் பற்றி எழுத நேரும் நண்பர்கள் நடுவில் ஹகரத்தை நுழைத்துவிடாமல் 'நீ ஊஅலஃகான்' என்றே எழுதலாம். ஆய்த எழுத்தும் நமக்கு இருக்கத்தான் இருக்கிறது.